மூன்று முறை குத்தினேன், ஒரு வார்த்தை பேசவில்லை

கேள்வி: பி.எஸ்சி. விபத்து மற்றும் அவசர சிகிச்சைப் படிப்பில் மூன்றாம் ஆண்டு மாணவன் நான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கேஷுவாலிட்டியில் போஸ்டிங். ‘பெர்சன் சென்டர்ட் கேர்’ என்று வகுப்பில் ஒரு பாடம் நடத்தினார்கள். நோயை மட்டும் பார்க்காமல் ஆளைப் பார்க்க வேண்டும் என்றார்கள். இங்கே வந்தால் லாக் புக்கில் இத்தனை கேனுலா (ட்ரிப்ஸ் ஏற்றக் கையில் செருகும் குழாய்), இத்தனை ஈ.சி.ஜி. என்று எண்ணிக்கைதான் கேட்கிறார்கள். போன வாரம் வாந்தி, பேதியோடு வந்த வயதான அம்மா ஒருவருக்கு லைன், அதாவது கேனுலா, போட்டேன். இரண்டு முறை தவறி மூன்றாவதில் கிடைத்தது. “ஏம்ப்பா, நான் என்ன பொம்மையா? மூணு தடவ குத்திட்ட, ஒரு வார்த்த பேசல” என்றார். பக்கத்திலிருந்த சிஸ்டரோ, “பேசிட்டு நிக்காத, அடுத்த பெட்டப் பாரு” என்றார். இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே படுகிறது. இவ்வளவு கூட்டத்தில் ஆளைக் கவனிப்பதை எப்படிப் பழகுவது? அந்த அம்மா இன்னும் வார்டில்தான் இருக்கிறார். போய்ப் பார்க்கலாமா?

பதில்: தம்பி, இரண்டு பேர் சொன்னதும் சரிதான். வேலையை முடித்துவிட்டு மிச்ச நேரத்தில் அன்பாகப் பேசுவதுதான் இந்தப் பாடம் என்று எடுத்துக்கொண்டதால்தான் இரண்டும் மோதுவதுபோலத் தெரிகிறது. கேஷுவாலிட்டியில் மிச்ச நேரம் என்று ஒன்று கிடையாது. கேனுலா போடுவதற்குள்ளேயே, ஈ.சி.ஜி. எடுப்பதற்குள்ளேயே இந்தக் கவனிப்பு அடங்கியிருக்கிறது. அதை விட்டால் நோயாளியின் மனம் நோகும் என்பது பாதி விஷயம்தான். அளவு தப்பாக வரும், நோயைக் கண்டுபிடிப்பதும் தப்பும் என்பது மறுபாதி. மாணவர்கள் கோட்டை விடுவது இந்த மறுபாதியில்தான்.

உங்கள் கேனுலாவையே எடுத்துக்கொள்வோம். வாந்தி, பேதியில் நீர் வற்றிய வயதான உடம்பில் சிரை (ஊசி ஏற்றும் ரத்தக்குழாய்) சுருங்கிக் கிடக்கும். தோல் தளர்ந்திருப்பதால் ஊசி முனை பட்டதும் நழுவும். டூர்னிகேயை (கையை இறுக்கும் பட்டை) கட்டுவதற்கு முன்பே கையைக் கட்டிலுக்குக் கீழே ஒரு நிமிடம் தொங்கவிடச் சொல்லுங்கள். விரல்களை மடக்கி விரிக்கச் சொல்லுங்கள். கட்டிய பிறகு ஒரு நிமிடத்துக்கு மேல் விட வேண்டாம். கண்ணால் தேடுவதைவிட விரல் நுனியால் தேடுங்கள். பச்சை நிற 18-ஆம் அளவு கேனுலாதான் போட வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். கிடைக்காத கையில் அதைவிட மெலிந்த பிங்க் 20 அல்லது நீலம் 22 ஏறினாலே பெரிய விஷயம், ட்ரிப்ஸ் தொடங்கிவிடலாம். இவ்வளவும் கை வேலை.

இனி ஆளைப் பார்ப்போம். “இதுக்கு முன்னாடி ஊசி போட்டப்ப எந்தக் கையில சுலபமாக் கெடச்சுது?” என்று கேளுங்கள். பலமுறை அட்மிட் ஆனவர்களுக்குத் தங்கள் சிரை எங்கே இருக்கிறது என்று நம்மைவிட நன்றாகத் தெரியும். “எந்தக் கையால சாப்பிடுவீங்க?” என்று கேட்டு மற்றக் கையில் போடுங்கள்; கூட ஆள் இல்லாதவர் இரண்டு நாளைக்கு ஊசிக் கையோடு கழிப்பறைக்கும் போய்வர வேண்டும். “டயாலிசிஸ் பண்றீங்களா? மார்புல ஆபரேஷன் ஏதாச்சும் ஆயிருக்கா?” என்றும் கேளுங்கள். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ஆபரேஷனில் இணைத்த ரத்தக்குழாய்) உள்ள கையில் குத்தினால் அவருடைய டயாலிசிஸ் வழியையே கெடுத்துவிடலாம்.

ஸ்பிரிட் தடவியதும் அது காய 30 நொடி விட வேண்டும். ஈரத்தோடு குத்தினால் எரியும், கிருமியும் சரியாகச் சாகாது. பெரும்பாலான மாணவர்கள் அந்த 30 நொடியை ஊதியோ விசிறியோ கடத்துகிறார்கள் (ஊதினால் தடவியதே வீண்). நீங்கள் அப்போது பேசுங்கள்: “என் பேரு இன்னது, ஸ்டூடன்ட்டும்மா. ட்ரிப்ஸ் ஏத்த ஊசி போடப் போறேன். வாந்தியில தண்ணி வத்திட்டதால நரம்பு கெடைக்கிறது கொஞ்சம் சிரமம். ஒரு தடவையில கெடைக்கலன்னா இன்னொரு தடவ பாப்பேன். அதுக்கு மேல நான் குத்த மாட்டேன், சிஸ்டரக் கூப்பிடுவேன்.” சொல்லிப் பாருங்கள், 15 நொடிதான் ஆகும். சிரையை நம் மக்கள் ‘நரம்பு’ என்றுதான் சொல்வார்கள். அங்கே உடற்கூறியல் திருத்தம் வேண்டாம்.

குத்துவதற்குச் சற்று முன், “இப்ப சுருக்குனு இருக்கும், கைய மட்டும் ஆட்டாதீங்க” என்று சொல்லுங்கள். “எறும்பு கடிச்ச மாதிரிதான்”, “ஒண்ணுமே தெரியாது” போன்ற பொய்கள் வேண்டாம். முதல் குத்திலேயே பொய் வெளுத்துவிடும், அடுத்ததற்கு அவர் கையை நீட்ட மாட்டார். சொல்லாமல் குத்தினால் கை வெடுக்கென்று இழுபடும். ஊசி சிரையின் பின்சுவரைத் துளைத்துக்கொண்டு போய் இடம் வீங்கும். உங்களுக்கு இரண்டு முறை தவறியதில் நீர்வற்றலுக்குப் பங்கு உண்டு. பேசாததற்கும் பங்கு இருந்திருக்கலாம். ஒருவர் இரண்டு முறைக்கு மேல் முயலக் கூடாது. மூன்றாவது குத்து உங்களுடையதாக இருந்திருக்கக் கூடாது. அது லாக் புக்குக்காகக் குத்தியது, அந்த அம்மாவுக்காக அல்ல.

இப்படிக் காத்திருக்க வேண்டிய இடுக்குகள் எல்லா வேலையிலும் உண்டு. ஆக்சிமீட்டரை மாட்டினால் எண் நிலைக்கச் சில நொடிகள் ஆகும். கை குளிர்ந்திருந்தாலும் விரலில் நகச்சாயம் இருந்தாலும் இன்னும் தாமதமாகும், தப்பாகவும் காட்டும். அந்தக் கையை உங்கள் இரண்டு கைக்குள் வைத்துச் சூடாக்கினால் எண்ணும் சரியாக வரும், பயந்து போனவருக்குத் தெம்பும் வரும். சுகர் பார்க்கும்போது விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறைவு. பழம் உரித்த கையென்றால் முதலில் கழுவச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சுகர் கூடுதலாகக் காட்டும். பாம்புக்கடிக்கு வந்தவரின் ரத்தம் உறைகிறதா என்று பார்க்கக் காய்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைப்பீர்கள். அந்த 20 நிமிடமும் அவர் கண் அந்தக் குழாயின் மேல்தான் இருக்கும். அது எதற்கு, உறையாவிட்டால் என்ன மருந்து என்று ஒரே ஒரு முறை சொல்லிவிடுங்கள். மந்திரித்துவிட்டு வந்தார்களா, பச்சிலை கொடுத்தார்களா, கயிறு கட்டினார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். “படிச்சவங்கதானே, ஏன் இப்படிப் பண்ணீங்க?” என்று மட்டும் தொடங்கிவிடாதீர்கள். திட்டு விழும் என்று தெரிந்தால் கடித்த நேரத்தையே மாற்றிச் சொல்வார்கள். இறுகக் கட்டிய கயிறு இருந்தால் நீங்களாக அவிழ்க்க வேண்டாம். டாக்டர் பக்கத்தில் இருக்கும்போதுதான் அவிழ்க்க வேண்டும்.

வாயை மூடிக்கொள்ள வேண்டிய இடமும் உண்டு. பி.பி. பார்க்கும்போது நோயாளி பேசினால் மேல் அளவு சுமார் 10 கூடலாம். ஆகவே பேச்சையெல்லாம் முன்பே முடித்துவிட்டு, “ரெண்டு நிமிஷம் பேசாம இருங்கம்மா” என்று சொல்லிவிட்டுக் காற்றடியுங்கள். இறுக்கமான ஜாக்கெட் கையை மேலே சுருட்டிவிட்டுக் கஃப் (காற்றடிக்கும் பி.பி. பட்டை) கட்டும் வழக்கம் இருக்கிறது. அந்தச் சுருளே ஒரு டூர்னிகேதான், அளவு நம்பத்தக்கதல்ல. திரையை இழுத்துவிட்டு, பெண் ஊழியர் ஒருவரை நிற்கவைத்து, அந்தக் கையை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பருத்த கைக்குச் சின்னக் கஃப் கட்டினால் இல்லாத பி.பி. இருப்பதாகக் காட்டும்.

பெயருக்கு வருவோம். 2013-இல் இங்கிலாந்தில் கேட் கிரேஞ்சர் என்ற மருத்துவர் புற்றுநோயாளியாக வார்டில் படுத்திருந்தார். தன்னைப் பார்க்க வந்த பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்து, ‘ஹலோ, என் பெயர்…’ என்று ஓர் இயக்கத்தையே தொடங்கினார். நம் ஊரில் உங்கள் பெயரைச் சொல்வதோடு தீராது. அவரை எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்பதில்தான் சிக்கலே. நரை தெரிந்தால் ‘பாட்டி’ என்று கூப்பிடுவது மரியாதை என்று இருபது வயதுப் பையன்கள் நினைக்கிறார்கள். 55 வயதில் இன்னும் வேலைக்குப் போகிறவருக்கு அது சுருக்கென்று தைக்கும். ‘அம்மா’, ‘ஐயா’ எங்கேயும் தப்பாகாது. ஓ.பி. சீட்டில் இருக்கும் பெயரோடு சேர்த்துச் சொன்னால் சரியான ஆள்தானா என்பதும் உறுதியாகும். திருநங்கை ஒருவர் வந்தால் சீட்டில் பழைய ஆண் பெயர் இருக்கலாம். “உங்கள எப்படிக் கூப்பிடட்டும்?” என்ற கேள்வி போதும், பழைய பெயரைக் கூடத்தில் உரக்கக் கூப்பிட வேண்டாம்.

‘வாங்க, போங்க’ நழுவுவது எப்போது என்று உங்கள் ஷிப்டில் ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். சட்டை கசங்கியவரிடம், குடித்தவரிடம், வடக்கிலிருந்து வந்த தொழிலாளியிடம், தற்கொலைக்கு முயன்ற இளம்பெண்ணிடம் நழுவும். மரியாதை நழுவும் அந்த இடங்களில்தான் நோயைக் கண்டுபிடிப்பதும் நழுவுகிறது.

வியர்த்துக் கொட்டியபடி, உளறிக்கொண்டு, பிடிக்க வருபவரைத் தள்ளிவிடும் ஒருவரைக் காவலர் கொண்டுவந்து விடுகிறார். வாயில் லேசாகச் சாராய வாடை. ‘குடிகாரன்’ என்று முத்திரை குத்தி மூலையில் கிடத்துவது சுலபம். ஆனால் காலையில் இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வேலைக்குப் போனவரும் இதே கோலத்தில்தான் வருவார். குடித்துவிட்டு விழுந்து மண்டைக்குள் ரத்தம் கசிபவரும் இப்படித்தான் வருவார். வாடை அடிக்கிறது என்பது ஒரு தகவல், அவ்வளவே. சுகர் பார்க்க சில நொடிகள் போதும். தலையைத் தடவிப் பாருங்கள், கண்மணி இரண்டும் ஒரே அளவா என்று பாருங்கள், சட்டைப் பையில் மருந்துச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த கட்டடத் தொழிலாளி சாரத்திலிருந்து விழுந்து வருகிறார். நீங்கள் தமிழில் கேட்கிறீர்கள், அவர் ஏதோ சொல்கிறார். ஜி.சி.எஸ். (கண், பேச்சு, அசைவை வைத்து நினைவு நிலைக்குப் போடும் மதிப்பெண்) எழுதும்போது பேச்சுக்கு 5-இல் 4, அதாவது குழப்பமான பேச்சு என்று போட்டுவிடுகிறார்கள். குழம்பியது அவரா நாமா? மொழி தெரிந்த ஒருவர் ‘நாம் க்யா ஹை’ (பெயர் என்ன), ‘தர்த் கஹாங் ஹை’ (எங்கே வலி) என்று கேட்கும்வரை அந்த எண் அவருடையது ஆகாது. அதுவரை, மொழி புரியவில்லை என்று பக்கத்தில் எழுதுங்கள். சைகை காட்டினால் கையைத் தூக்குகிறாரா என்று பார்த்து மோட்டார், அதாவது அசைவு, மதிப்பெண்ணைச் சரியாகப் போடுங்கள். காது கேட்காத பெரியவர்களுக்கும் இதே அநியாயம் நடக்கிறது. மொழிபெயர்க்க மேஸ்திரியைக் கூப்பிடும்போது ஒரு எச்சரிக்கை: ஹெல்மெட், பெல்ட் எதுவும் கொடுக்காமல் ஏற்றியவர் அவராகவே இருக்கலாம். எப்படி விழுந்தார் என்ற கேள்விக்கு வேறு ஆளைத் தேடுங்கள், போனிலாவது.

தமிழ் பேசுபவரிடமும் நமக்கு மொழிச் சிக்கல் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘மயக்கம்’ என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். தலை சுற்றினாலும் மயக்கம், கண் இருட்டினாலும் மயக்கம், நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம். நீங்கள் சீட்டில் எழுதும் ஆங்கிலச் சொல்லைப் பொறுத்து ஒருவர் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போவார், இன்னொருவர் இதயப் பிரிவுக்குப் போவார். “சுத்துச்சா, கண்ணு இருட்டுச்சா, இல்ல நெனவே இல்லாமப் போச்சா? கீழ விழுந்தது உங்களுக்கே ஞாபகம் இருக்கா?” என்று பிரித்துக் கேளுங்கள், பார்த்தவர் யார் என்றும் கேளுங்கள். ‘மூச்சு வாங்குது’, ‘மூச்சு முட்டுது’, ‘இளைக்குது’ மூன்றும் ஒன்றல்ல. நடந்தால் வாங்குகிறதா, படுத்தால் முட்டுகிறதா, சத்தத்தோடு இளைக்கிறதா என்பதை அவர் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

நெஞ்சு வலி விஷயத்தில் இந்த மொழிப் பள்ளம் இன்னும் பெரியது. 60 வயது, 15 வருடச் சர்க்கரை, ஒரு அம்மா.

“நெஞ்சு வலி இருக்காம்மா?”

“வலியெல்லாம் இல்லப்பா. கேஸ்தான்.”

இதோடு நிறுத்தினால் அவர் அவசரமில்லாதவர்களுக்கான பச்சைப் பகுதிக்குப் போய் ஒரு ரானிடிடினோ பேன்டப்ரசோலோ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

“கேஸ்னா எங்கம்மா? கைய வெச்சுக் காட்டுங்க.”

(நெஞ்சின் நடுவே உள்ளங்கையை விரித்து வைக்கிறார்.)

“அங்க என்ன மாதிரி இருக்கு?”

“ஒரு பாரம். கல்ல வெச்ச மாதிரி. தாடை வரைக்கும் இழுக்குது. காலையில இருந்து வேர்த்துக் கொட்டுது, கேஸ் முட்டுதுன்னு சோடா குடிச்சேன்.”

அவர் மறைக்கவில்லை. அவருக்கு அது வலியில்லை, பாரம், அவ்வளவுதான். ‘இருக்கா, இல்லையா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்று வரும். ‘என்ன மாதிரி’ என்று கேட்டால் நோயே வெளியே வரும். நோயாளி பேசத் தொடங்கியபின் மருத்துவர்கள் சராசரியாக 18 நொடியில் குறுக்கிட்டதாக 1984-இல் பெக்மன், ஃபிராங்கல் இருவரும் அமெரிக்காவில் பதிவு செய்தார்கள். முதல் கேள்வியைக் கேட்டபின் வாய்க்குள் 20 வரை எண்ணுங்கள். அதற்குள் முக்கால்வாசி வந்துவிடும்.

இந்த அம்மாவுக்கு வந்த 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்து டாக்டர் கண்ணில் பட வேண்டும். இங்கேதான் கூச்சம் ஆளைக் கொல்லும். புடவை கட்டிய அம்மாவிடம் ஜாக்கெட்டைத் திறக்கச் சொல்லத் தயங்கி, கழுத்தை ஒட்டிக் கிடைத்த இடத்தில் வி1, வி2-ஐ (நெஞ்சில் ஒட்டும் ஆறு எலக்ட்ரோடுகளில் முதல் இரண்டு) ஒட்டுகிறார்கள். மற்றவற்றைத் துணி விட்ட இடத்தில் ஒட்டுகிறார்கள். இரண்டாம் விலா இடைவெளியில் ஒட்டிய வி1, வி2 இல்லாத பழைய அட்டாக்கைக் காட்டலாம், இருப்பதை மறைக்கவும் செய்யலாம். நெஞ்செலும்பின் மேல்பகுதியில் விரலை இறக்கினால் ஒரு மேடு தட்டும். அதை ஒட்டியது இரண்டாம் விலா எலும்பு, அதன் கீழ் இரண்டாம் இடைவெளி. அங்கிருந்து எண்ணி நான்காவதுக்கு வாருங்கள்: வலப்பக்கம் வி1, இடப்பக்கம் வி2. காறை எலும்பின் நடுவிலிருந்து நேர்க்கோடாக இறங்கி ஐந்தாம் இடைவெளியில் வி4. வி2-க்கும் வி4-க்கும் நடுவே வி3. வி4-இன் மட்டத்திலேயே அக்குளின் முன்கோட்டில் வி5, நடுக்கோட்டில் வி6. பெண்களுக்கு வி4 முதல் வி6 வரை மார்பகத்துக்கு அடியில் வர வேண்டும்.

செய்யும் முறை இது. திரை. பெண் ஊழியரோ வகுப்புத் தோழியோ ஒருவர் கூட. பிறகு சொல்லுங்கள்: “இதயத்தோட துடிப்ப ஒரு பேப்பர்ல பதிவு பண்ணப் போறோம்மா. கரண்டெல்லாம் வெக்கல, வலிக்காது. நெஞ்சுல ஆறு இடத்துல ஒட்டணும். ஹூக்க நீங்களே கழட்டிக்கோங்க, மேல போர்வை போட்டுடறேன். இடது பக்கத்த நீங்களே கொஞ்சம் தூக்கிப் புடிச்சுக்கோங்க.” அவரால் முடியாவிட்டால் புறங்கையால் தூக்குங்கள், உள்ளங்கையால் அல்ல. ரப்பர் குமிழும் ஜெல்லியும் வைத்து எடுக்கும் இடமென்றால், “சில்லுனு இருக்கும்” என்று முன்பே சொல்லுங்கள். சொல்லாமல் வைத்தால் உடம்பு சிலிர்த்து, கோடு முழுக்க நடுக்கம் விழுந்து மறுபடி எடுக்க நேரும். தாலிச் சரடைக் கழற்றத் தேவையில்லை. எலக்ட்ரோடில் படாமல் தோள் பக்கம் ஒதுக்கினால் போதும். நீங்களாக அதில் கை வைக்காதீர்கள், அவரையே ஒதுக்கச் சொல்லுங்கள். அடிபட்ட கையிலுள்ள மோதிரம், காலிலுள்ள மெட்டி கதை வேறு. வீங்கினால் விரலுக்கு ரத்தம் போகாது, உடனே கழற்றத்தான் வேண்டும். காரணத்தைச் சொல்லி, சாட்சிக்கு ஒருவரை வைத்து எண்ணி, உறவினரிடம் கொடுத்துப் பதிவேட்டில் எழுதுங்கள்.

விஷம் குடித்து வருபவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘பாய்சன் கேஸ் ஒண்ணு’ என்று நீங்கள் கூடத்தில் கத்தும்போது அவர் காது நன்றாகவே கேட்கிறது. “ஏம்மா இப்படிப் பண்ண? அப்பா அம்மாவ நெனச்சுப் பாத்தியா?” என்று கேட்டால் சிகிச்சைக்குத் தேவையான ஒரு வார்த்தையும் வராது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ளச் சொல்கிறது. எம்.எல்.சி. (சட்டம் சார்ந்த மருத்துவ வழக்கு) பதிவு வேறு, அது நடக்கும். உங்களுக்கு வேண்டியது நான்கு: என்ன, எவ்வளவு, எப்போது, அதற்குப் பிறகு வீட்டில் என்ன கொடுத்தார்கள். அரளி விதை என்றால் எத்தனை விதை, அரைத்தா முழுசாகவா. சாணிப்பவுடர் (வாசல் தெளிக்கும் சாயத்தூள்) என்றால் எத்தனை பாக்கெட், எதில் கரைத்து. களைக்கொல்லி என்றால் டப்பாவைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். பாராக்வாட்டாக இருந்தால் டாக்டர் சொல்லாமல் ஆக்சிஜன் வைக்கக் கூடாது. அது நுரையீரல் சேதத்தைக் கூட்டும். ஆகவே அந்த ஒரு பெயர் அவர் வாயிலிருந்து வருவது உயிர் விஷயம். உறவினர்களைப் பதிவுச் சீட்டு வாங்க அனுப்பிவிட்டு, தலைமாட்டில் குனிந்து, தாழ்ந்த குரலில், “உங்களத் திட்ட வரல. என்ன குடிச்சீங்கன்னு தெரிஞ்சாத்தான் சரியான மருந்து குடுக்க முடியும்” என்று கேளுங்கள். கழிப்பறைக்கும் தனியாக விட வேண்டாம். டிஸ்சார்ஜ் ஆகும்போது 104, 14416 இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம்.

கூட வருபவர்கள்தான் நம் ஊரில் பாதி நேரம் பேசுகிறார்கள். பேசட்டும், பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் மூன்று விஷயங்களை நோயாளியிடம் தனியாகத்தான் கேட்க வேண்டும்: இளம்பெண்ணுக்கு வயிற்று வலியோ மயக்கமோ என்றால் கடைசி மாதவிலக்குத் தேதி (கருக்குழாய்க் கர்ப்பம் அங்கே ஒளிந்திருக்கும்), விஷம், தீக்காயம். ‘ஸ்டவ் வெடிச்சுடுச்சு’ என்று மாமியார் சொல்லி, மருமகள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் நீங்கள் துப்பறிய வேண்டாம். கேட்ட சொற்களை அப்படியே குறித்து டியூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கு மேல் அவர்கள் பொறுப்பு.

சிகிச்சை வேண்டாம் என்று எழுந்து போகிறவரிடம் ‘கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க’ என்பதற்கு முன், “வீட்டுல யாரு இருக்கா?” என்று ஒரு கேள்வி. பள்ளி விட்டு வரும் குழந்தை, கட்டிப்போட்டு வந்த மாடு, நாளைய கூலி, பணம் கேட்பார்களோ என்ற பயம் என்று ஏதோ ஒன்று இருக்கும். அதில் பாதிக்கு ஒரு போன் கால் போதும்.

மாரடைப்பில் இதயம் நின்று வருபவரிடம் பேச எதுவுமில்லை. நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துவது, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம், அதுதான் அவருக்கு நீங்கள் செய்யும் மரியாதை. உங்கள் முறை முடிந்து கை மாறியதும் கதவுக்கு வெளியே நிற்பவர்களிடம் போங்கள். “இதயத்துடிப்பு நின்னு போச்சு. நெஞ்ச அழுத்தி மருந்து குடுத்துட்டு இருக்காங்க. டாக்டர் வந்து சொல்வாரு, அதுவரைக்கும் நான் இங்கதான் நிக்கிறேன்” என்று சொல்லுங்கள். ‘ஒண்ணும் ஆகாது’ என்று சொல்லாதீர்கள். இறப்பைச் சொல்வது உங்கள் வேலையும் அல்ல.

108-இல் போஸ்டிங் வரும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவருக்கு வண்டியின் கூரை மட்டும்தான் தெரியும். இடுப்பெலும்பு முறிந்தவருக்கு ஒவ்வொரு வேகத்தடையும் கத்திக்குத்து. பைலட்டிடம் (வண்டி ஓட்டுநர்) தடை வருவதற்கு முன் குரல் கொடுக்கச் சொல்லி, அதை நோயாளிக்கும் சொல்லுங்கள். எந்த மருத்துவமனைக்கு, ஏன், இன்னும் எவ்வளவு தூரம் என்பதை அவர் கேட்குமுன் சொல்லிவிடுங்கள். சட்டையை வெட்ட வேண்டியிருந்தால் தையல் ஓரமாக வெட்டி, உடனே போர்த்துங்கள்.

இனி சிஸ்டர். அவருக்கு 30 கட்டில். நீங்கள் தத்துவம் பேசினால் எரிச்சல்தான் வரும். ஷிப்ட் தொடங்கும்போதே, “சிஸ்டர், இன்னைக்கு லைன் போடறதுக்கு முன்னாடி என்ன சொல்லிப் போடறேன்னு ஒரே ஒரு தடவ பாத்துச் சொல்றீங்களா?” என்று கேளுங்கள். குறிப்பாக ஒன்றைக் கேட்டால் குறிப்பாகப் பதில் வரும். வாரத்துக்கு ஒன்றை மட்டும் எடுங்கள். முதல் வாரம் பெயரும் ‘வாங்க, போங்க’வும். இரண்டாம் வாரம் ‘என்ன மாதிரி இருக்கு?’ என்ற கேள்வி. மூன்றாம் வாரம் திரையும் போர்வையும். நான்காம் வாரம் நோயாளியை அடுத்தவரிடம் கைமாற்றிக் கொடுப்பது: ‘பத்தாம் பெட் வாமிட்டிங்’ என்பதற்குப் பதில், பெயர், வயது, என்ன பிரச்சினை, என்ன செய்தோம், எதைப் பற்றிக் கவலைப்படுகிறார், கூட யார் இருக்கிறார்கள். இதுவும் 30 நொடிதான்.

லாக் புக்கில் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: நான் முதலில் என்ன நினைத்தேன், கடைசியில் என்னவாக இருந்தது. ‘கேஸ் என்று நினைத்தேன், இதயத்தின் கீழ்ச்சுவர் அட்டாக்.’ அவ்வளவு போதும், கட்டுரை வேண்டாம். நோயாளியின் பெயர் எழுதாதீர்கள். காயத்தைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போடும் நண்பர்கள் இருந்தால் அந்தப் பழக்கத்திலிருந்து தள்ளி நில்லுங்கள்.

அந்த அம்மாவைத் தாராளமாகப் போய்ப் பாருங்கள். பார்வையாளர் நேரத்தில், வார்டு சிஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். முதலில் பெயர். “அன்னைக்கு மூணு தடவ குத்தினது நான்தாம்மா. ரெண்டோட நிறுத்தி வேற ஆளக் கூப்பிட்டிருக்கணும், உங்ககிட்ட சொல்லிட்டும் செஞ்சிருக்கணும்” என்று சொல்லுங்கள். வேலை அதிகம், கூட்டம் என்று காரணம் அடுக்க வேண்டாம், ‘பரவாயில்லப்பா’ என்று அவர் சொல்ல வேண்டும் என்று காத்து நிற்கவும் வேண்டாம். கிளம்புவதற்கு முன் அவர் கையைப் பாருங்கள். கேனுலா இன்னும் இருந்தால், போட்ட தேதி பிளாஸ்திரியில் எழுதியிருக்கிறதா, சுற்றிலும் சிவந்திருக்கிறதா, தொட்டால் கயிறுபோல் தட்டுகிறதா, ட்ரிப்ஸ் ஓடும்போது கடுக்கிறதா என்று கேளுங்கள். சிவப்பு, தடிப்பு, கடுப்பு இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் சிஸ்டரிடம் சொல்லி அன்றே எடுத்துவிட வேண்டும். மறுபடி போட வேண்டியிருந்தால், எந்தக் கை என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.